யாருடைய காந்தாரம்? அரபு, பாரசீக, ஆர்மீனிய, கிரேக்க இசை ஒரே மேடையில் சேரும் விதம்

மேடையில் ஐந்தாறு பேர். ஒருவர் மடியில் குட்டைக் கழுத்துத் தந்தி வாத்தியமான ஊத், ஒருவர் முன்னால் கானூன் என்ற பல தந்தி வாத்தியம். இன்னொருவர் கமாஞ்சேயை நிமிர்த்தி வைத்து வில்லால் இழுக்கிறார். ஓரத்தில் ஆர்மீனியக் குழலான தூதுக், பக்கத்தில் கிரீட் தீவின் வில் வாத்தியமான லைரா. அறிவிப்பில் அரபு, பாரசீக, ஆர்மீனிய, கிரேக்க மரபுகளின் சங்கமம் என்று போட்டிருக்கிறது. இப்படிப்பட்ட குழுக்களின் கச்சேரிகளை இன்று யாரும் வீட்டிலிருந்தே கேட்கலாம். கேட்பவருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: நான்கு மொழி, இரண்டு மதம், மூன்று வேறு எழுத்து. இவர்கள் எப்படி ஒத்திகை பார்த்துப் பழகியது போலக்கூட இல்லாமல், சிறு வயதிலிருந்தே தெரிந்தது போல ஒரே மெட்டை வாசிக்கிறார்கள்?

வழக்கமாக இரண்டு பதில்கள் சொல்லப்படும். இது ஃப்யூஷன், புதிதாகக் கலந்தது என்பது ஒன்று. அந்தப் பக்கத்து இசையெல்லாம் ஒன்றுதானே என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. இந்த நான்கு மரபுகளும் பல நூற்றாண்டுகள் ஒரே நகரங்களில், ஒரே அவைகளில் புழங்கியவை. 20ஆம் நூற்றாண்டில் எல்லைகளும் அகதி ஊர்வலங்களும் இசைப்பள்ளிப் பாடத்திட்டங்களும் அவற்றைப் பிரித்தன. இன்றைய குழுக்கள் செய்வது பெரும்பாலும் பிரிந்ததைத் திரும்பச் சேர்க்கும் வேலை. அந்த வேலை தடுமாறும் இடம் மொழியோ மதமோ இல்லை. சுருதி. அதிலும் குறிப்பாக ஒரு காந்தாரம், அதாவது மூன்றாவது சுரம்.

நான்கு மரபுகள், பெயர் சொல்லப்படாத ஐந்தாவது

1. அரபு மரபின் அடிப்படை மகாம் என்ற பண் அமைப்பு. கெய்ரோ, அலெப்போ, பாக்தாத் ஆகியவை அதன் பெரிய மையங்கள். ஊத், கானூன், நாய் என்ற நாணற்குழல், வயலின், ரிக் என்ற சலங்கை வைத்த கைப்பறை ஆகியவை சேர்ந்த சிறு குழுவுக்குத் தக்த் என்று பெயர்.

2. பாரசீக மரபில் தஸ்த்காஹ் எனப்படும் ஏழு பண் தொகுதிகளும் அவற்றைச் சார்ந்த ஐந்து ஆவாஸ்களும் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் கூஷே எனப்படும் சிறு மெட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அந்த முழுத் தொகுப்புதான் ரதீஃப். மாணவர் அதை மனப்பாடம் செய்து, பிறகு அதிலிருந்து கற்பனையாக வாசிக்கக் கற்றுக்கொள்கிறார். இன்று அதிகம் பயிலப்படும் ரதீஃப் மிர்சா அப்துல்லா (1843–1918) வழியாக வந்தது.

3. ஆர்மீனிய மரபுக்கு இரண்டு கிளைகள். ஒன்று எட்டுப் பண் அமைப்பில் பாடப்படும் தேவாலயத் துதிகள். மற்றொன்று கிராமப் பாடல்களும், அஷுக் எனப்படும் பாணர்களின் பாடல்களும். 18ஆம் நூற்றாண்டின் சயாத் நோவா ஆர்மீனியம், ஜார்ஜியன், அஜர்பைஜானித் துருக்கி ஆகிய மூன்று மொழிகளிலும் பாடல் எழுதினார். அவர் வாசித்தது கமாஞ்சே.

4. கிரேக்க மரபிலும் தேவாலய இசைக்கு எட்டுப் பண்கள். அதற்கு வெளியே தீவுகளின் நடன இசை, சின்ன ஆசியா நகரங்களின் பாடல்கள், பிறகு துறைமுகச் சேரிகளில் வளர்ந்த ரெபேட்டிகோ.

இந்தப் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது: துருக்கி, அதாவது ஒட்டோமான் பேரரசு. அறிவிப்புகளில் பல சமயம் அந்தப் பெயர் வருவதில்லை. காரணம் அரசியல். 1915இன் இனப்படுகொலைக்குப் பிறகு ஆர்மீனியருக்கும், 1922இல் சின்ன ஆசியாவை விட்டுத் துரத்தப்பட்ட பிறகு கிரேக்கருக்கும் அந்தப் பெயரைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. ஆனால் இந்த மரபுகள் சந்தித்த இடம் பெரும்பாலும் இஸ்தான்புல்தான். அதை மறைத்துவிட்டு இந்த இசையை விளக்க முடியாது.

மாயாமாளவகௌளையிலிருந்து தொடங்கலாம்

ராகம் என்றால் என்னவென்று தெரிந்தவருக்கு மகாமின் பாதி ஏற்கெனவே தெரியும். இரண்டுமே வெறும் சுர வரிசை இல்லை. எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும், எங்கிருந்து ஏற வேண்டும், எந்தப் பிடியைக் கேட்டதும் இதுதான் என்று அடையாளம் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். தாளமில்லாமல் தனியாக விரித்து வாசிக்கும் தக்ஸீம் நம் ஆலாபனைக்கு நெருக்கமானது.

வேறுபாடு கட்டுமானத்தில் இருக்கிறது. மகாம் மூன்று, நான்கு அல்லது ஐந்து சுரத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கட்டப்படுகிறது. அரபியில் அந்தத் துண்டு ஜின்ஸ். ஒரு பாட்டின் நடுவில் மேல் துண்டை மட்டும் மாற்றி வேறொரு மகாமுக்குள் போய், சுற்றிவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்புவது அங்கே சாதாரணம். அந்தப் பயணத்தில்தான் கலைஞரின் திறமை மதிப்பிடப்படுகிறது.

சரளி வரிசையில் நாம் முதலில் படிக்கும் மாயாமாளவகௌளையின் முதல் நான்கு சுரங்களை எடுத்துக்கொள்வோம்: ச, சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம். இதற்கு மிக நெருக்கமான துண்டுக்கு அரபியிலும் துருக்கியிலும் ஹிஜாஸ் என்று பெயர். கிரேக்கப் பாமர இசையில் ஹிட்சாஸ். முழு எட்டுச் சுரமும் மாயாமாளவகௌளையைப் போல வந்தால் ஹிஜாஸ்கார். கிரேக்கத் தேவாலயத்தில் இதே குடும்பம் இரண்டாம் பண்ணின் துணைப்பண்ணாக வரும். பாரசீகத்தில் சஹார்காஹ் இதற்கு உறவு.

ஆனால் ஒன்றல்ல. பியானோவில் சுத்த ரிஷபம் ஷட்ஜத்திலிருந்து 100 சென்ட் தூரம். சென்ட் என்பது சுருதி அளக்கும் அலகு. ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட், அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100. பாரசீக சஹார்காஹின் ரிஷபம் 135 சென்ட் அளவில் நிற்கும். சுத்த ரிஷபத்தை விட உயரம், சதுச்ருதி ரிஷபத்தை விடத் தாழ்வு. கர்நாடக இசைக்குப் பழகிய காதுக்கு முதலில் அது ஸ்வரம் சேராதது போலத் தோன்றலாம். சேராதது எதுவும் இல்லை. அந்த இடத்தைக் குறிவைத்துத்தான் வாசிக்கிறார்கள்.

காந்தாரத்தில்தான் சிக்கல்

அரபு, கிரேக்க, துருக்கி மரபுகளில் அடிப்படையாக மதிக்கப்படும் மகாம் ராஸ்த். கிரேக்கர்கள் தங்கள் தேவாலய இசையின் நி என்ற அடிச்சுரத்தை இந்த ராஸ்த்தோடு சமப்படுத்தியே 19ஆம் நூற்றாண்டில் பாடநூல் எழுதினார்கள். ஆக இந்த மூன்று மரபினரும் ஒரே மகாம், ஒரே ஆதாரம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். மூன்றாவது சுரத்துக்கு வரும்போதுதான் ஒவ்வொருவரும் ஒரு இடத்தில் விரல் வைக்கிறார்கள்.

1. பியானோவில் சாதாரண காந்தாரம் 300 சென்ட், அந்தர காந்தாரம் 400 சென்ட். இரண்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது.

2. ஸ்தாயியை 24 சமமான கால் சுரங்களாகப் பிரிக்கும் நவீன அரபுக் கோட்பாட்டில் ராஸ்த்தின் காந்தாரம் 350 சென்ட், அதாவது நட்ட நடு. நடைமுறையில் இது ஊருக்கு ஊர் மாறும். அலெப்போ வித்வான்கள் கெய்ரோக்காரர்களை விடச் சற்று உயர்த்தி வாசிப்பார்கள்.

3. கிரேக்கத் தேவாலய இசைக்கு 1881இல் கான்ஸ்டாண்டிநோப்பிள் பேராயர் பீடம் ஒரு குழு அமைத்து அளவு வகுத்தது. இன்று வழங்கும் கணக்கில் ஸ்தாயி 72 பங்கு. முதல் மூன்று இடைவெளிகள் 12, 10, 8 பங்கு. அதன்படி காந்தாரம் 22 பங்கு, ஏறக்குறைய 367 சென்ட்.

4. துருக்கியின் நவீன பாடத்திட்டத்தில் அதே காந்தாரம் ஏறக்குறைய 384 சென்ட். அந்தர காந்தாரத்துக்கு மிக அருகில்.

350, 367, 384. படிக்கட்டு போல ஒவ்வொரு தடவையும் 17 சென்ட் ஏறுகிறது. 17 சென்ட் என்பது ஒரு அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு. பழகிய காதுக்கு நன்றாகவே தெரியும். ஓர் அரபு ஊத் கலைஞரும் துருக்கி முறையில் படித்த கமாஞ்சேக்காரரும் ராஸ்த்தின் காந்தாரத்தில் சேர்ந்து நின்றால் 34 சென்ட் வித்தியாசம். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் கேட்க அபஸ்வரமாக இருக்கும்.

சரி, அப்படியென்றால் எப்படித்தான் சேர்ந்து வாசிக்கிறார்கள்?

இந்த மரபுகளில் மேற்கத்திய பாணி ஹார்மனி கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டையே வாசிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தன் வாத்தியத்துக்கு ஏற்ற கமகம், சிறு அலங்காரம், சற்று முந்துதல், சற்றுப் பிந்துதல் எல்லாம் சேர்த்துக்கொள்வார்கள். மெட்டு ஓடிக்கொண்டிருக்கும் வரை 17 சென்ட் வித்தியாசம் ஒலிக்கு ஒரு தடிமனைக் கொடுக்கிறது. மீட்டும் வாத்தியங்களின் ஒலி சீக்கிரம் அடங்கிவிடுவதால் அவற்றில் பிரச்சினை குறைவு. உண்மையான சோதனை நீண்ட கார்வையில் வரும். தூதுக்கும் லைராவும் நாயும் ஒரே காந்தாரத்தில் நான்கு விநாடி நின்றால் ஒளிந்துகொள்ள இடமில்லை. அந்த நான்கு விநாடிகளை ஒரு குழு எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்தே அது எவ்வளவு தீவிரமாக உழைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

வாத்தியம் எதற்கு இடம் கொடுக்கும்?

இந்த நெகிழ்வு எல்லா வாத்தியத்துக்கும் ஒரே மாதிரி இல்லை. ஊத்தில் மெட்டுக்கட்டை கிடையாது, விரலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கமாஞ்சே, லைரா, வயலின் ஆகியவையும் அப்படியே. அதனால்தான் இந்த வகைக் குழுக்களில் இவை எப்போதும் இருக்கின்றன.

பாரசீகத் தந்தி வாத்தியங்களான தாரிலும் செதாரிலும் மெட்டுக்கட்டைகள் கழுத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட நரம்புகள். கச்சேரிக்கு முன் நகர்த்திக்கொள்ளலாம், பாட்டின் நடுவில் முடியாது. கானூனில் ஒவ்வொரு தந்திக் கூட்டத்தின் இடது ஓரத்திலும் சிறு உலோக நெம்புகோல்கள் உண்டு. வாசிக்கும்போதே இடது கையால் தட்டிச் சுருதியை மாற்றலாம். துருக்கிக் கானூன் செய்பவர்கள் வழக்கமாக அரைச்சுரத்தை ஆறாகப் பிரிக்கிறார்கள், அதாவது ஸ்தாயிக்கு 72. கிரேக்கத் தேவாலய இசையில் வழங்கும் அதே எண். அரபுக் கானூனில் நெம்புகோல்கள் பொதுவாக இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கப்படுவதில்லை. ஆகவே பல மரபுக் குழுவில் துருக்கி வகைக் கானூன் இருந்தால் யாருடைய காந்தாரத்துக்கும் ஓரளவு ஒத்துப்போக முடிகிறது.

தூதுக் ஆப்ரிகாட் மரத்தில் செய்த, அகன்ற இரட்டை நாக்குச் சீவாளி வைத்த குழல். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போல, இன்னொருவர் இரண்டாவது தூதுக்கில் மூச்சு விடாமல் ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதற்கு தாம் என்று பெயர். உதட்டாலும் துளையைப் பாதி மூடியும் சுருதியை வளைக்கலாம். ஆனால் வீச்சு ஒரு ஸ்தாயிக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆதாரம் மாறினால் வேறு தூதுக்கை எடுக்க வேண்டும்.

மிகவும் பிடிவாதமானவை கிரேக்கத் தந்தி வாத்தியமான பூஸூகியும், குச்சியால் தட்டி வாசிக்கும் சந்தூரும். பூஸூகியின் மெட்டுக்கட்டைகள் உலோகம், பியானோவைப் போலவே 12 பங்கு. ரெபேட்டிகோ கலைஞர்கள் ராஸ்த், ஊஸாக், ஹிட்சாஸ், சபாஹ் என்று மகாம் பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நடுச்சுரங்கள் மட்டும் மெட்டுக்கட்டைகளுக்கு நடுவே விழுந்து மறைந்துவிட்டன. பாரசீகச் சந்தூரில் 72 தந்திகள், நான்கு நான்காக 18 குதிரைகள் மேல். ஒரு தஸ்த்காஹுக்குச் சுருதி கூட்டிவிட்டால் அந்தக் கச்சேரிப் பகுதி முழுவதும் அதுதான். மற்றவர்கள் அதைத்தான் அனுசரித்துப் போக வேண்டும்.

இன்னொரு தொல்லை காகிதத்தில். அதே ராஸ்த் ஆதாரத்தை அரபு ஏட்டில் மேற்கத்திய சி-யில் எழுதுவார்கள், துருக்கி ஏட்டில் ஜி-யில். ஒருவர் கையிலுள்ள தாளை இன்னொருவர் நேராக வாசிக்க முடியாது. பல குழுக்கள் தாளை ஓரமாக வைத்துவிட்டுக் காதால் கற்றுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாளத்தில் சண்டை குறைவு

அரபு ஸமாயி 10 எண்ணிக்கை, 3+2+2+3. துருக்கியிலும் இதே வடிவம் உண்டு. ஆர்மீனிய நடன இசையிலும் பத்து எண்ணிக்கை மிகப் பிரபலம், ஆனால் வேகம் வேறு. கிரேக்க கலமத்தியானோஸ் 3+2+2, நம் மிஸ்ர சாபு தெரிந்தவர் முதல் சுற்றிலேயே பிடித்துவிடுவார். ஸெய்பேகிகோ ஒன்பது. ஒருவர் தாளத்தை மற்றவர் கற்றுக்கொள்ளச் சில நாட்கள் போதும்.

விதிவிலக்கு பாரசீகம். அங்கே கச்சேரியின் உயிர் தாளமில்லாமல் பாடும் பகுதியில் இருக்கிறது; அதற்கும் ஆவாஸ் என்றே பெயர். கவிதையின் குறில் நெடில் அசைவை ஒட்டியே அது நகரும். ஒட்டோமான் அவையில் 17ஆம் நூற்றாண்டு முதல் பேஷ்ரேவ், ஸமாயி போன்ற தாளக்கட்டுள்ள உருப்படிகள் பெருகின. அரபு நகரங்கள் அவற்றை வாங்கிக்கொண்டன. கிரேக்கரும் ஆர்மீனியரும் அவற்றை இயற்றினார்கள். ஈரான் தன் வழியில் போய், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தஸ்த்காஹ் முறையை உருவாக்கியது. அதற்கு முன்பு நிலைமை வேறு. 1435இல் இறந்த அப்துல்காதிர் மராகி பாரசீகக்காரர், ஒட்டோமான் வித்வான்கள் அவரைத் தங்கள் ஆதி ஆசானாகக் கொண்டாடினார்கள். ஆக, நான்கு மரபுகளில் மற்ற மூன்றோடும் சேர்க்கக் கடினமானது பாரசீகம்தான். பெயர் அறிவிப்பில் இருந்தும் பாரசீக இசை உண்மையில் ஒரு கமாஞ்சேயோடு நின்றுவிடும் கச்சேரிகள் நிறைய உண்டு. அதைக் குறையாகச் சொல்லத்தான் வேண்டும்.

இஸ்தான்புல்: எல்லோரும் இருந்த அவை

ஒட்டோமான் தலைநகரில் முஸ்லிம், கிரேக்க, ஆர்மீனிய, யூத வித்வான்கள் ஒரே சபைகளில் வாசித்தார்கள். வீட்டில் பேசும் மொழி வேறு, வழிபாடு வேறு, மகாம் ஒன்று.

மால்டாவிய இளவரசர் திமித்ரி கந்தெமிர் (1673–1723) பிணைக்கைதியாக அங்கே வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கினார். தன்பூர் என்ற நீண்ட கழுத்துத் தந்தி வாத்தியம் கற்றார். அவருடைய ஆசிரியர்களில் ஆஞ்சலோஸ் என்ற கிரேக்கரும் உண்டு. 1700ஐ ஒட்டி அவர் தானே வகுத்த எழுத்து முறையில் ஏறக்குறைய 350 வாத்திய உருப்படிகளைப் பதிவு செய்தார். அது இல்லையென்றால் 17ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் இசையின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்காது.

18ஆம் நூற்றாண்டில் சகரியாஸ் என்ற கிரேக்கர் அவை இசையில் பெரிய பெயர். 1778இல் இறந்த பெலொப்பொன்னேசப் பெத்ரோஸ் பேராலயத்தில் பாடகர், அதே நேரம் மகாம் உருப்படிகள் இயற்றியவர். பிறகு ஒரே பத்தாண்டில் அந்த ஒரே நகரத்தில் இரண்டு சீர்திருத்தங்கள் நடந்தன. 1813–15இல் ஆர்மீனியரான ஹம்பார்ட்சூம் லிமோஞ்சியான் புதிய சுர எழுத்தை உருவாக்கினார், ஏனென்றால் பழைய ஆர்மீனியக் குறியீடுகளின் பொருள் மறந்துபோயிருந்தது. 1814இல் மூன்று கிரேக்க ஆசிரியர்கள் தங்கள் தேவாலயச் சுர எழுத்தைத் திருத்தினார்கள். ஹம்பார்ட்சூமின் எழுத்து தேவாலயத்தோடு நிற்கவில்லை. துருக்கி வித்வான்கள் அதை எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான உருப்படிகளை அதில் காப்பாற்றினார்கள்.

ஆர்மீனியரான தாத்தியோஸ் எஃபெந்தி (1858–1913) இயற்றிய ராஸ்த் ஸமாயி இன்றும் அரபு நாடுகளின் இசைப்பள்ளிகளில் பாடம். கிரேக்கரான மனோல் (1845–1915) இஸ்தான்புல்லில் செய்த ஊத்துகளை அரபு, துருக்கி, ஆர்மீனியக் கலைஞர்கள் போட்டி போட்டுத் தேடினார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு பொது மரபை எப்படிக் காட்டுவது?

பிரிந்தது எப்படி

1. 1915. ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் கைது செய்யப்பட்ட ஆர்மீனிய அறிஞர்களில் கோமிதாஸ் என்ற பாதிரியாரும் இருந்தார். ஆயிரக்கணக்கான கிராமப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். உயிர் தப்பினார், மனநலம் திரும்பவில்லை, 1935இல் பாரிஸில் இறந்தார். அவர் பாடல் தொகுத்த கிராமங்களில் பல அப்போது இல்லை. ஆர்மீனிய இசை துருக்கி, பாரசீக இசையிலிருந்து தனித்தது என்று நிறுவுவதில் அவர் உறுதியாக இருந்தார். பேரழிவுக்குப் பிறகு அந்தக் கருத்து ஒரு சமூகத்தின் ஆதாரமாகவே ஆகிவிட்டது. அதை வெறும் கோட்பாட்டுச் சண்டையாகப் பார்ப்பது அநியாயம்.

2. 1922–23. ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) எரிந்தது. அடுத்த ஆண்டு லோசான் ஒப்பந்தப்படி மக்கள் மாற்றம். ஏறக்குறைய 12 லட்சம் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் துருக்கிப் பக்கத்திலிருந்து கிரீஸ் வந்து சேர்ந்தார்கள், 4 லட்சம் வரையான முஸ்லிம்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். ஏதென்ஸ், பிரேயஸ், தெசலோனிக்கி நகரங்களுக்கு மகாம் பாடல்கள் அகதிகளோடு வந்தன. 1930களின் ஏதென்ஸ் இசைத்தட்டுகளில் பாடுபவர் ரோசா எஸ்கெனாசி, யூதர். ஊத் வாசிப்பவர் அகாபியோஸ் தொம்பூலிஸ், ஆர்மீனியர். வயலின் திமித்ரியோஸ் செம்சிஸ், ஸ்ட்ருமித்சாவில் பிறந்தவர். இன்று விழாக்களில் அதிசயமாகக் காட்டப்படும் கலப்புக் குழு அப்போது தினசரிப் பிழைப்பு.

3. 1934–36. துருக்கி வானொலி தன் பழைய மகாம் இசையைக் கிழக்கத்தியது என்று சொல்லிச் சுமார் இரண்டு ஆண்டுகள் நிறுத்தியது. 1936இல் கிரீஸில் ஆட்சிக்கு வந்த மெதாக்ஸாஸின் தணிக்கை அதே வகைப் பாடலைத் துருக்கியத்தனமானது என்று சொல்லி ஒடுக்கியது. முன்பு போரிட்ட இரண்டு அரசுகள் ஒரே இசையை, வெவ்வேறு காரணம் சொல்லி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாயடைத்தன.

4. அளவுகோல்கள். 1932இல் கெய்ரோவில் அரசர் முதலாம் ஃபுவாத் ஆதரவில் அரபு இசை மாநாடு கூடியது. பேலா பார்டோக்கும் ஹிண்டமித்தும் வந்திருந்தார்கள். 24 சமப் பங்குகள் சரியா என்ற விவாதம் தீரவில்லை, ஆனால் பாடநூல்களில் அதுவே நிலைத்தது. தெஹ்ரானில் அலிநகி வசீரி பாரசீக இசைக்கும் 24 பங்கு முன்மொழிந்தார். துருக்கி வேறு கணக்கு வைத்தது. சோவியத் ஆர்மீனியாவின் நாட்டுப்புற வாத்தியக் குழுக்கள் பியானோவின் 12 பக்கம் சாய்ந்தன. நாம் மேலே பார்த்த 350, 367, 384 என்ற பிளவு பாதி இயல்பாக வந்தது, மீதிப் பாதி இந்தப் பாடநூல்கள் கெட்டிப்படுத்தியது.

இதற்கிடையே நியூயார்க்கில் கதை தொடர்ந்தது. எட்டாம் அவென்யூவின் இரவு விடுதிகளில் 1940கள் முதல் 60கள் வரை கிரேக்க, ஆர்மீனிய, அரபு, துருக்கி, யூதக் கலைஞர்கள் ஒரே மேடையில் வாசித்தார்கள். ஸ்மிர்னாவில் பிறந்த ஆர்மீனியர் மார்க்கோ மெல்கோன் கூட்டத்தைப் பார்த்து மொழி மாற்றிப் பாடுவார். சொந்த ஊரில் பேசாமல் போன சமூகங்கள் அங்கே சம்பளத்துக்காகச் சேர்ந்து உட்கார்ந்தன. அந்த இசைத்தட்டுகளை வெறும் கேளிக்கை என்று ஒதுக்கியது பெரிய தவறு. மரபு அறுபடாமல் போனதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

இன்றைய குழுக்கள் செய்யும் மூன்று தேர்வுகள்

ஐரோப்பாவில் இந்த வகைக் கச்சேரியைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் கட்டலோனியாவின் ஜோர்டி சவால். 1974இல் தொடங்கிய அவரது குழு, இன்று ஹெஸ்பெரியன் 21 என்று அறியப்படுவது, 2009இல் கந்தெமிரின் ஏட்டை மையமாக வைத்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டது. துருக்கி, ஆர்மீனிய, கிரேக்கக் கலைஞர்கள் அதில் சேர்ந்து வாசித்தார்கள். தெசலோனிக்கியில் 1993இல் உருவான என் கோர்தைஸ் குழு, கிரேக்க மரபின் ஒட்டோமான் பக்கத்தை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு பெத்ரோஸ், சகரியாஸ் உருப்படிகளை மீட்டு வருகிறது. கிரீட்டில் ராஸ் டேலி என்ற இசைக்கலைஞர் 1982இல் தொடங்கிய லாபிரிந்த் பட்டறை 2002 முதல் ஹூதெத்ஸி கிராமத்தில் இயங்குகிறது. ஈரான், துருக்கி, கிரீஸ், அரபு நாடுகள் என்று பல ஊர் ஆசிரியர்கள் அங்கே கற்றுத் தருகிறார்கள்.

சுருதிச் சிக்கலை இந்த மாதிரிக் குழுக்கள் மூன்று வழிகளில் தீர்க்கின்றன.

1. முறை வைத்து வாசிப்பது. ஆதாரம் பொது. தூதுக் தன் காந்தாரத்தோடு தக்ஸீம் முடித்தபின் கானூன் தன்னுடையதோடு தொடங்கும். சேர்ந்து வாசிக்கும் பகுதி குறைவு. நேர்மையான வழி, ஆனால் ஒரு கச்சேரி முழுக்க இப்படியே போனால் பக்கத்துப் பக்கத்தில் நான்கு தனிக் கச்சேரிகள் நடப்பது போல ஆகிவிடும்.

2. உருப்படிக்கு உருப்படி ஒருவரை ஏற்பது. இது பெத்ரோஸ் இயற்றியது, ஆகவே கிரேக்கக் காந்தாரம். அடுத்தது தாத்தியோஸ், இஸ்தான்புல் காந்தாரம். எல்லோரும் அந்த ஒருவருக்குக் காது கொடுத்து விரலை நகர்த்த வேண்டும். நீண்ட ஒத்திகை கேட்கும் வழி இது. என் கணிப்பில் இதுதான் உயர்ந்தது, ஏனென்றால் ஒவ்வொரு கலைஞரும் ஏதோ ஓர் இடத்தில் மாணவராக உட்கார வேண்டியிருக்கிறது.

3. எல்லோரும் பியானோவுக்குப் போவது. கித்தார், கீபோர்டு, பேஸ் சேர்ந்தால் இது தானாக நடந்துவிடும். நடுச்சுரம் உள்ள மகாம்களை விட்டுவிட்டு ஹிஜாஸ், நஹாவந்த் போன்று 12 சுரத்துக்குள் அடங்குபவற்றை மட்டும் வாசிப்பார்கள். விற்பனைக்கு எளிது. ஆனால் இந்த மரபுகளுக்குப் பொதுவாக இருந்த ராஸ்த்தும், நடுச்சுரம் உள்ள பயாத்தி என்ற மகாமும் முதலில் வெளியேறும். சேர்த்துவைக்க வந்த கச்சேரி, சேர்ந்திருந்த இடத்தையே அழித்துவிடுகிறது.

ஒரு குழு எந்த வழியில் போகிறது என்று தெரிய, அவர்களின் ராஸ்த் உருப்படி ஒன்றைத் தேடிக் கேட்டால் போதும். அப்படி ஒன்றுமே அவர்களிடம் இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்.

இது யாருடையது என்ற வழக்கு

இந்த இசை செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலை ஒட்டித்தான். ஆர்மீனியத் தூதுக் இசை 2005இல் அறிவிக்கப்பட்டு 2008இல் பட்டியலில் சேர்ந்தது. ஈரானின் ரதீஃப் 2009. தார் 2012இல் அஜர்பைஜான் பெயரில் சேர்ந்தபோது ஈரானில் எதிர்ப்பு எழுந்தது. 2017இல் கமாஞ்சே ஈரானும் அஜர்பைஜானும் சேர்ந்து பதிந்தது, அதே ஆண்டு கிரீஸின் ரெபேட்டிகோ. 2019இல் பைசாந்திய தேவாலய இசை, கிரீஸும் சைப்ரஸும். 2022இல் ஊத், ஈரானும் சிரியாவும். 2023இல் பாலபான் அல்லது மேய் என்ற குழலை அஜர்பைஜானும் துருக்கியும் பதிந்தன. அது தூதுக்கின் மிக நெருங்கிய உறவு. படம் பார்த்துப் பிரித்துச் சொல்வது பலருக்கு முடியாது.

பட்டியலுக்கு விண்ணப்பிப்பது அரசு. அரசுக்கு எல்லை உண்டு, எனவே எல்லைக்குள் அடங்கும்படி வாத்தியத்தை விவரிக்க வேண்டியிருக்கிறது. கூட்டாக விண்ணப்பிக்க விதியில் இடம் உண்டு, கமாஞ்சேயும் ஊத்தும் அப்படி வந்தவையே. ஆனால் எல்லை மூடியிருக்கும் இரண்டு நாடுகள் கூட்டாகக் கையெழுத்திடுவது கடினம். ஆர்மீனியாவுக்கும் துருக்கிக்கும் நடுவிலான தரை எல்லை 1993இல் மூடப்பட்டது.

பாடல்களுக்கும் இதே வழக்கு. மஞ்சள் மணப்பெண் என்று துருக்கியில் பாடப்படும் மெட்டுக்கு ஆர்மீனிய, அஜர்பைஜானி, பாரசீக வடிவங்கள் உண்டு. உஸ்குதார் போகும் வழியைப் பற்றிய இஸ்தான்புல் பாடலின் மெட்டை கிரேக்கரும் அரபுகளும் பால்கன் நாட்டவரும் தங்கள் சொற்களில் பாடுகிறார்கள். முதலில் யார் பாடினார் என்பதற்கு எழுத்துச் சான்று தேடுகிறவர் கைக்கு வாய்மொழி மரபில் அகப்படுவது கொஞ்சம்தான். பல மரபுக் குழுக்களில் சில அந்த மெட்டை ஒரே உருப்படியாக, சரணத்துக்கு ஒரு மொழியாகப் பாடுகின்றன. அப்போது நிகழ்ச்சிக் குறிப்பில் பாரம்பரியப் பாடல் என்று மட்டும் போட்டு நழுவாமல், எந்தெந்த ஊரில் எந்தெந்தச் சொற்களோடு அது பாடப்பட்டது என்று அத்தனை பெயரையும் எழுதுவதே முறை. துருக்கி என்ற பெயரையும் சேர்த்து.